சேர்த்தவரும் அவர், பிரிய விட்டவரும் அவர்: துங்கு அப்துல் ரஹ்மான்

சிங்கப்பூரில் உறவுக்காரர் இல்லாத குடும்பம் நம் சங்கத்தில் அபூர்வம். சாச்சா வீட்டு நிக்காஹ்வுக்கோ, நோன்புப் பெருநாள் கழிந்து மாமியைப் பார்க்கவோ போகும்போது ஜொகூர் பாருவில் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்ட வேண்டியிருக்கிறது. அந்த வரிசையில் நிற்கும்போதெல்லாம் நம் பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்வி. ஒரு காலத்தில் இதுவும் அதுவும் ஒரே நாடுதானாமே, யார் பிரித்தது?

மலருக்கு ஒரு பெரியாரின் வரலாறு எழுத வேண்டும் என்றதும் எங்களுக்கு அந்தக் கேள்விதான் முதலில் நினைவுக்கு வந்தது. அதற்குரிய மனிதர் மர்ஹூம் துங்கு அப்துல் ரஹ்மான் புத்ரா அல்ஹாஜ். சுதந்திரத் தந்தை என்று பள்ளிப் புத்தகத்தில் படித்ததோடு அவரை விட்டுவிடுகிறோம். மாநிலங்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டியவர், பிறகு அதில் ஒன்றைத் தம் வாயாலேயே போ என்று சொன்னவர் என்ற கோணத்தில் அவரைப் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது.

துங்கு 1903 பிப்ரவரி 8 ஆம் நாள் அலோர் ஸ்டாரில் பிறந்தார். தந்தை கெடா சுல்தான் அப்துல் ஹமீது ஹலிம் ஷா. தாயார் செ மஞ்சலாரா சியாம் நாட்டு வழிவந்தவர். துங்கு பிறந்தபோது கெடா சியாம் மன்னரின் மேலாண்மையில் இருந்தது. அவருக்கு ஆறு வயதானபோது, 1909 இல், பிரிட்டிஷாரும் சியாமும் ஒப்பந்தம் போட்டு கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு நான்கையும் கைமாற்றிக்கொண்டார்கள். 1941 இல் ஜப்பான் வந்தது. 1943 இல் ஜப்பான் அதே நான்கு மாநிலங்களையும் சியாமுக்குத் திருப்பிக் கொடுத்தது. 1945 இல் மறுபடியும் பிரிட்டிஷார். கடையில் சரக்கு கைமாறுவதுபோல் ஒரு மாநிலம் இத்தனை முறை கைமாறியதைச் சுல்தானின் மகனாகப் பார்த்து வளர்ந்தவர் அவர். கெடா மக்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அலோர் ஸ்டார், பேங்காக், பினாங்கு ஃபிரீ ஸ்கூல் என்று படித்து, கெடா அரசாங்க உபகாரச் சம்பளத்தில் கேம்பிரிட்ஜ் போய் 1925 இல் பட்டம் வாங்கினார். சட்டப் படிப்பு மட்டும் இழுத்துக்கொண்டே போனது. கார் ஓட்டுவதும் குதிரைப் பந்தயமும் படிப்பைவிடப் பிடித்திருந்ததை அவர் எப்போதும் மறைத்ததில்லை. நம் ஆலிம்கள் இதைப் பாராட்டப் போவதில்லை. ஊர் திரும்பி மாவட்ட அதிகாரியாகக் கெடாவின் பல பகுதிகளில் வேலை செய்தார். 1941 டிசம்பரில் ஜப்பானியர் நெருங்கியபோது, நோயுற்றிருந்த சுல்தானைப் பினாங்குக்கு அப்புறப்படுத்த ஏற்பாடு நடந்தது. துங்கு அதை மீறித் தந்தையைத் தாம் வேலை பார்த்த குலிமுக்குக் கொண்டு போய்விட்டார். சுல்தான் தம் மாநிலத்தை விட்டு ஓடக்கூடாது என்பது அவர் பிடிவாதம்.

போருக்குப் பிறகு பிரிட்டிஷார் 1946 ஏப்ரலில் மலாயன் யூனியனைக் கொண்டு வந்தார்கள். சுல்தான்களின் ஆட்சியுரிமை பிரிட்டிஷ் முடிக்குப் போனது. மாநிலம் என்பது பேருக்குத்தான் என்றானது. அதை எதிர்த்துத்தான் அம்னோ பிறந்தது. எதிர்ப்பு வென்று 1948 பிப்ரவரி 1 ஆம் நாள் மலாயாக் கூட்டரசு அமைந்தது. ஒன்பது மலாய் மாநிலங்களோடு, நீரிணைக் குடியேற்றங்களாக இருந்த மலாக்காவும் பினாங்கும் அதில் சேர்க்கப்பட்டன. சிங்கப்பூர் தனிக் காலனியாக வெளியே விடப்பட்டது. பிரிவினைப் பேச்சும் அப்போதே தொடங்கிவிட்டது. பினாங்கு வணிகர்கள் தங்கள் துறைமுகத்தின் சுங்கவரிச் சலுகை போய்விடும் என்று அஞ்சி, கூட்டரசிலிருந்து விலக வேண்டும் என்று இயக்கமே நடத்தினார்கள். 1949 பிப்ரவரியில் பினாங்கு மன்றத்தில் அந்தத் தீர்மானம் 15க்கு 10 என்று தோற்றது. அந்த நாளில் துங்கு இங்கிலாந்தில் தம் சட்டப் படிப்பை முடித்துக்கொண்டிருந்தார். பாரிஸ்டர் ஆனபோது அவருக்கு வயது நாற்பத்தாறு. இரண்டே ஆண்டுகளில், 1951 ஆகஸ்டில், அம்னோவின் தலைவரானார்.

1955 தேர்தலில் அம்னோ, ம.சீ.ச., ம.இ.கா. மூன்றும் சேர்ந்த கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது. ஆனால் சுதந்திரம் கேட்கக் கட்சி மட்டும் போனால் போதாது. சுல்தான்கள் ஒப்ப வேண்டும். கட்சிக்காரர்கள் தங்களை ஓரங்கட்டிவிடுவார்களோ என்ற சந்தேகம் அரண்மனைகளில் இருந்தது. 1956 ஜனவரி 1 ஆம் நாள் சிங்கப்பூரில் கப்பலேறிய குழுவில் கூட்டணியார் நால்வர், சுல்தான்களின் பிரதிநிதிகள் நால்வர். 'ஏஷியா' என்ற அந்தக் கப்பல் கராச்சி போய்ச் சேருவதற்குள் இரு தரப்பும் கடலிலேயே உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டன. விமானத்தில் போயிருந்தால் இந்தச் சமாதானத்துக்கு நேரம் இருந்திருக்காது. இலண்டனில் அவர்களைப் பிரித்துப் பேச பிரிட்டிஷாருக்கு வழியில்லாமல் போனது. பிப்ரவரி 8 ஆம் நாள், துங்குவின் பிறந்தநாளன்றே, ஒப்பந்தம் கையெழுத்தானது.

அடுத்து நடந்தது நம் மாநிலத்தின் கதை. துங்கு திரும்பி வந்து நேரே இறங்கியது பத்து பெரண்டாம் விமானத் தளத்தில். பிப்ரவரி 20 ஆம் நாள் பண்டார் ஹிலிர் திடலில் கூடிய பெருங்கூட்டத்தின் முன் சுதந்திர நாளை அறிவித்தார். தலைநகரை விட்டுவிட்டு மலாக்காவை அவர் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1511 இல் மலாய் அரசு விழுந்த ஊர் இது. அந்தத் திடலில் இன்று பேரங்காடி நிற்கிறது. எதிரே பழைய மலாக்கா கிளப் கட்டடத்தில் சுதந்திர அறிவிப்பு நினைவகம் இருக்கிறது. பேரங்காடிக்கு மாதம் இருமுறை போகும் நம்மில் எத்தனை பேர் சாலையைக் கடந்து அங்கே போயிருக்கிறோம்?

1957 ஆகஸ்ட் 31 ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பை ரீட் ஆணைக்குழு வரைந்தது. எந்த அதிகாரம் மத்திய அரசாங்கத்துக்கு, எது மாநிலத்துக்கு என்று அதில் பட்டியல் போட்டிருக்கிறது. பாதுகாப்பு, வெளியுறவு, கல்வி, பெரிய வரிகள் எல்லாம் மத்தியிலே. நிலமும் இஸ்லாமிய சமயக் காரியங்களும் மாநிலத்திடம். இது வக்கீல்களின் விஷயம் என்று நினைக்க வேண்டாம். நம் சூராவுக்கோ மையவாடிக்கோ நிலம் வேண்டுமென்றால் நாம் கோலாலம்பூருக்குப் போவதில்லை, ஜாசின் நில அலுவலகத்துக்குத்தான் போகிறோம். நிக்காஹ் பதிவதும் ஸகாத் கட்டுவதும் மலாக்கா மாநிலச் சமயத் துறையின் கீழ்தான். மலாக்காவுக்குச் சுல்தான் இல்லாததால் இங்கே இஸ்லாத்தின் தலைவர் மாட்சிமை தங்கிய மாமன்னர். கப்பலில் பேசி முடித்த சமாதானத்தின் ஒரு துண்டு நம் சூரா வாசல் வரை வந்திருக்கிறது.

1961 மே 27 ஆம் நாள் சிங்கப்பூரில் வெளிநாட்டு நிருபர்களின் விருந்தில் பேசும்போது துங்கு மலேசியா என்ற யோசனையை வெளியிட்டார். மலாயா, சிங்கப்பூர், சரவாக், வட போர்னியோ, புருணை ஐந்தும் சேர்வது திட்டம். புருணை கடைசியில் ஒதுங்கிக்கொண்டது. உள்ளேயே மறுத்த மாநிலம் கிளந்தான். அங்கே ஆட்சியிலிருந்த பாஸ் கட்சி, தங்கள் மாநிலத்தையும் சுல்தானையும் கேட்காமல் இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்ய நாடாளுமன்றத்துக்கு உரிமையில்லை என்று 1963 செப்டம்பரில் வழக்குப் போட்டது. மலேசியா பிறக்க இரண்டு நாள் இருக்கையில், 14 ஆம் நாள், தலைமை நீதிபதி தாம்சன் அதை ஏற்க மறுத்தார். நாடாளுமன்றம் தனக்குள்ள அதிகாரத்தின்படியே செய்திருக்கிறது என்பது தீர்ப்பு. சட்டப்படி துங்கு வென்றார். ஆனாலும் கிளந்தான் கேட்ட கேள்வி நியாயமான கேள்விதான் என்பது எங்கள் எண்ணம்.

செப்டம்பர் 16 ஆம் நாள் மலேசியா பிறந்தது. சிங்கப்பூருக்கு 159 இடங்கள் கொண்ட நாடாளுமன்றத்தில் 15 இடங்கள். அதற்கு ஈடாகக் கல்வியிலும் தொழிலாளர் துறையிலும் மற்ற மாநிலங்களுக்கு இல்லாத தன்னாட்சி. வரிப்பணப் பங்கு, பொதுச் சந்தை என்று முதல் நாளிலிருந்தே சண்டை. சிங்கப்பூரை ஆண்ட மக்கள் செயல் கட்சி 1964 தேர்தலில் தீபகற்பத்துக்குள் வந்து போட்டியிட, கூட்டணி பதிலுக்கு அங்கே கால் வைக்க, பேச்சு இனத்தின் பக்கம் திரும்பியது. 1964 ஜூலை 21 ஆம் நாள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்த நாள். சிங்கப்பூரில் மீலாது ஊர்வலத்தில் மூண்ட கலவரம் பல நாள் நீடித்து 23 உயிர்களைக் குடித்தது. செப்டம்பரில் இரண்டாவது கலவரம். இன்னும் 13 பேர்.

1965 ஜூனில் காமன்வெல்த் மாநாட்டுக்கு இலண்டன் போன துங்கு அங்கே அக்கி நோயால் மருத்துவமனையில் படுத்துவிட்டார். வலியோடு கிடந்த அந்த நாள்களில்தான் சிங்கப்பூரை விட்டுவிடுவது என்று அவர் மனத்தில் முடிவானது. அவர் முன் வேறு வழியும் இருந்தது. சிங்கப்பூர்த் தலைவர்களைக் கைதுசெய்து, மாநில அரசைக் கலைத்து, மத்தியிலிருந்து ஆளலாம். கட்சியில் சிலர் அதைத்தான் கேட்டார்கள். அப்படிச் செய்தால் சிந்தும் இரத்தம் ஊர்வலத்தோடு நிற்காது என்று அவர் கணக்குப் போட்டார்.

பேச்சுவார்த்தை துன் ரசாக்குக்கும் சிங்கப்பூர் நிதியமைச்சர் கோ கெங் சுவீக்கும் இடையே இரகசியமாக நடந்தது. கோ பிறந்தது நம் மலாக்காவில். ஒப்பந்தத்தில் கையெழுத்திடத் தயங்கி நின்ற சிங்கப்பூர் அமைச்சர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த இராஜரத்தினம், இன்னொருவர் தைப்பிங்கில் பிறந்த டோ சின் சாய். இரண்டு பேருக்கும் சொந்த பந்தம் இந்தப் பக்கத்தில். டோவுக்கு வேறு வழியில்லை என்று துங்கு கைப்பட எழுதிக் கொடுத்த பிறகுதான் அவர் இணங்கினார். ஆகஸ்ட் 9 ஆம் நாள் காலை மக்களவையில் மசோதா வந்தது. ஆதரவு 126, எதிர்ப்பு யாருமில்லை. அம்னோவின் தலைமைச் செயலாளர் சையது ஜாபர் அல்பார், இப்படி விட்டுக்கொடுத்தது தவறென்று பதவி விலகினார்.

அன்று காலை எழுந்தபோது ஒரே நாட்டுக் குடிமக்களாக இருந்த அண்ணன் தம்பிகள், இரவு படுக்கும்போது இரண்டு நாட்டுக்காரர்களாக இருந்தார்கள். சிங்கப்பூரில் சாப்பாட்டுக்கடையிலும் பணமாற்றுக் கடையிலும் வேலை பார்த்துக்கொண்டு குடும்பத்தை இந்தப் பக்கம் வைத்திருந்த நம்மவர்களுக்கு எந்தக் குடியுரிமையை வைத்துக்கொள்வது என்பது பெரிய குழப்பம். சிலர் கடையை மூடிவிட்டு வந்தார்கள். சிலர் குடும்பத்தை அங்கே கூட்டிக்கொண்டார்கள். இதில் மனக்கசப்பு ஏற்பட்டு ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருந்த வீடுகளும் உண்டு. அந்த நோவை அனுபவித்த நம் பெரியவர்கள் துங்குவை லேசில் மன்னிக்கவில்லை. எங்களுக்கும் அந்த வருத்தம் இருக்கிறது. ஆனாலும் மீலாது ஊர்வலத்தில் விழுந்த 23 பேரை நினைத்தால், பாஸ்போர்ட் வரிசை சிறிய விலை என்றே படுகிறது. வலுவாக இருந்தவர் அடித்துப் பிடித்து வைக்காமல் விட்டுக்கொடுத்தது உலகத்தில் அடிக்கடி நடப்பதில்லை.

ஆனால் எல்லா மாநிலங்களிடமும் அவர் இப்படி நடந்துகொள்ளவில்லை, அதையும் எழுதியாக வேண்டும். சிங்கப்பூரை விடும்போது சபாவையும் சரவாக்கையும் அவர் கலந்துகொள்ளவில்லை. மத்திய அமைச்சரவையில் இருந்த சபாவின் டொனால்ட் ஸ்டீபன்ஸ், அப்படியானால் சபா சேர்ந்த நிபந்தனைகளையும் மறுபடி பார்க்க வேண்டும் என்றார். அவர் பதவியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. (அவரே பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவி முகம்மது ஃபுவாது ஆனார்.) 1966 இல் சரவாக் முதலமைச்சர் ஸ்டீபன் காலோங் நிங்கான் நீக்கப்பட்டார். நீக்கியது செல்லாது என்று கூச்சிங் உயர் நீதிமன்றம் சொன்னது. அதே மாதத்தில் துங்குவின் அரசாங்கம் அவசரகாலத்தைப் பிறப்பித்து, அரசியலமைப்பைத் திருத்தி, அவரை மறுபடியும் இறக்கியது. நிங்கான் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1968 இல் தோற்றார். போகிறேன் என்ற மாநிலத்தை விட்ட கை, இருக்கிறேன், ஆனால் என் உரிமை எனக்கு என்ற மாநிலத்தை அழுத்திப் பிடித்தது. போர்னியோ மாநிலங்களின் அந்த மனக்குறை இன்னும் தீரவில்லை. 1963 இல் ஒப்பிய தகுதியை எழுத்தில் திருப்பித்தர 2021 டிசம்பரில் அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது.

நம் கொடியில் 1963 இல் பதினோரு கோடுகள் பதினான்கு ஆக்கப்பட்டன. சிங்கப்பூர் போன பிறகும் கோட்டை யாரும் அழிக்கவில்லை. அந்தப் பதினான்காவது கோடு இப்போது கூட்டரசு அரசாங்கத்துக்கு என்று கணக்கு. பிள்ளைகளிடம் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிரிவினை நடந்த பதினெட்டாம் நாள், 1965 ஆகஸ்ட் 27 ஆம் நாள், கோலாலம்பூரில் தேசியப் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. அதற்குத் துங்குவின் பெயரை வைக்க ஏற்பாடாகியிருந்தது. அவர் ஒப்பவில்லை. இரத்தம் சிந்தாமல் கிடைத்த சுதந்திரத்துக்கு அல்லாஹ்வுக்குச் செய்யும் நன்றியாக அது மஸ்ஜித் நெகாராவாக இருக்கட்டும் என்றார். 1969 மே 13க்குப் பிறகு அவர் செல்வாக்கு சரிந்தது. 1970 செப்டம்பரில் பதவியை விட்டு, இஸ்லாமிய நாடுகள் அமைப்பின் முதல் தலைமைச் செயலாளராக ஜித்தா போனார். திரும்பி வந்து பினாங்கில் இருந்துகொண்டு, தம் பின் வந்தவர்களைத் தட்டிக் கேட்கும் பத்திரிகைப் பத்தி எழுதினார்.

1990 டிசம்பர் 6 ஆம் நாள் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அவருக்குப் பின் பிரதமர்களாக இருந்த துன் ரசாக்கும் துன் உசேன் ஓனும் தேசியப் பள்ளிவாசலை ஒட்டிய மையவாடியில் அடங்கியிருக்கிறார்கள். துங்கு அங்கே இல்லை. அலோர் ஸ்டாருக்கு அருகே லங்காரில், கெடா அரச குடும்பத்தாரின் அடக்கத்தலத்தில், தம் மாநிலத்து மண்ணில் இருக்கிறார்.