‘பாட்ஸ் ஃபிராக்சர்’: யார் இந்த பாட்?

ஸ்ரீரங்கம் போகும் வழியில், காவிரிப் பாலத்தில் பைக் சறுக்கி, திருச்சி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர்கள் ‘பாட்ஸ் ஃபிராக்சர்’ என்ற பேரைக் கேட்டிருக்கலாம். கணுக்கால் முறிவுக்கு லண்டன் சர்ஜன் பெர்சிவல் பாட் பேரு வந்த கதை இது.

பிறந்தது 1714. 1756 ஜனவரியில் குதிரையிலிருந்து விழுந்தார். கால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. கண்டபடி தூக்கினால் மோசமாகும்னு அவருக்குத் தெரியும். குளிரில் தரையில் கிடந்தபடியே ஒரு கதவை விலைக்கு வாங்கி, கம்புகளோடு சேர்த்து ஆணியடிக்கச் சொல்லி, அதில் படுத்து வீடு போனார். இன்று பிளேட், ஸ்க்ரூ வந்த பிறகும் காலை அசையாமல் கட்டிக் கொண்டுவருவதுதான் முதல் வேலை.

மயக்க மருந்தே இல்லாத காலம். இப்படி முறிந்தால் காலை எடுப்பதுதான் வழக்கம், கருவிகளும் ரெடி. கடைசி நேரத்தில் வந்த குரு எட்வர்ட் நோர்ஸ் தடுத்தார். கால் தப்பியது.

பிறகு முறிவுகள் பற்றி எழுதிய நூலில் கணுக்கால் முறிவை விவரித்தார். முழங்காலை மடக்கி, தசையைத் தளர்த்திய பிறகே எலும்பைச் சேர்க்கணும் என்றார். (அவருக்கு உடைந்தது கணுக்கால் இல்லை!) 1788-ல், 74 வயதில் இறந்தார், இரண்டு காலோடும்.