ஆட்டு ரத்தத்தில் ஒளிந்திருந்த கிருமி: யார் இந்த விக்டர் பாபெஷ்?

ஆட்டுக்குத் திடீர்னு காய்ச்சல். தீவனம் எடுக்கவில்லை. சிறுநீர் சிவப்பாகப் போகிறது. சில நாளில் செத்தும் விடுகிறது. 19-ம் நூற்றாண்டு ருமேனியாவில் ஆடு, மாடு வைத்திருந்தவர்களை இந்த நோய் ஆட்டிப்படைத்தது. காரணம் மட்டும் யாருக்கும் புரியவில்லை. அதைத் தேடிப் போனவர்தான் விக்டர் பாபெஷ்.

வியன்னா டு புக்கரெஸ்ட்

1854-ல் வியன்னாவில் பிறந்தவர். பூர்வீகம் ருமேனியக் குடும்பம். மருத்துவம் படித்தார். பாரிஸ், பெர்லின் ஆய்வகங்களில் வேலை பார்த்தார். 1885-ல் பிரெஞ்சு விஞ்ஞானி கோர்னிலுடன் சேர்ந்து பாக்டீரியாக்கள் பற்றி ஒரு பெரிய நூலை எழுதினார். இந்தத் துறையின் ஆரம்பகால நூல்களில் அதுவும் ஒன்று. 1887-ல் ருமேனிய அரசு அழைக்க, புக்கரெஸ்ட் போனார். வெறிநாய்க்கடிக்கு பாஸ்டர் முறை சிகிச்சையை அந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவரும் இவரே.

என்ன கண்டுபிடித்தார்?

1888-ல், நோய் தாக்கிய மாடுகளின் ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். சிவப்பணுக்களுக்கு உள்ளேயே குட்டிக் குட்டியாக ஏதோ இருந்தது. 1892-ல் செம்மறி ஆட்டு ரத்தத்திலும் அதே மாதிரி ஒன்று. சிவப்பணு உடைவதால்தான் சிறுநீர் சிவக்கிறது என்பது இப்போது நமக்குத் தெரியும்.

ஆனா ஒரு சிக்கல். அதை அவர் பாக்டீரியா என்று நினைத்துவிட்டார். உண்மையில் அது மலேரியாக் கிருமி போன்ற ஓர் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. அது எப்படிப் பரவுகிறது என்பதும் அவருக்குப் பிடிபடவில்லை. 1893-ல் அமெரிக்காவின் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும், மாடுகளில் இதைப் பரப்புவது உண்ணி என்று நிரூபித்தார்கள். பூச்சி இனம் போன்ற கடிக்கும் உயிர்கள் நோயைக் கடத்தும் என்பதற்கு அது முக்கியமான ஆதாரம். இருந்தாலும் கிருமியை முதலில் பார்த்தவர் பெயரே நிலைத்தது: பாபெசியா.

இப்போ எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

அடிப்படை முறை இன்றும் அதேதான். காய்ச்சல் இருக்கும்போதே ஆட்டின் காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, ஸ்லைடில் தேய்த்து, ஜீம்சா சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். செலவு குறைவு, ரிசல்ட்டும் சீக்கிரம் வரும்.

ஆனா பிழைத்த ஆடு வெளியே நல்லாத்தான் தெரியும். உள்ளே கிருமி கொஞ்சமாகத் தங்கியிருக்கலாம். ஸ்லைடில் அது சிக்காமல் போகலாம். அந்த ஆட்டைக் கடித்த உண்ணி, மந்தையில் மற்ற ஆடுகளுக்கும் நோயைக் கொண்டுபோகும். அதனால்தான் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் டெஸ்ட் தேவைப்படுகிறது. கொரோனா காலத்தில் நமக்கு மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே தொழில்நுட்பம்தான். இங்கே எடுப்பது ரத்தம்.

1926-ல் புக்கரெஸ்ட்டில் பாபெஷ் காலமானார். ருமேனியாவின் க்ளூஜ் நகரப் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. ஆட்டின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் பாபெசியா என்று இருந்தால், அதுவும் அவர் பெயர்தான்.