ஹாப்கின் பெருமகனார்

நஞ்சைச் சுத்தி செய்து மருந்தாக்குதல் நம் சித்த மருத்துவர் கைக்கொண்ட முறை. நோய்க்கிருமியையே வலுக்குறைத்து உடலுக்குக் காவலாக்கலாம் என்று மேலைநாட்டில் நிலைநாட்டியவர் பிரெஞ்சு அறிஞர் பாஸ்டர். அம்முறையைக் காலராவுக்குப் பொருத்தி, நம் நாட்டு ஏழை மக்களிடம் கொணர்ந்தவர் வால்டெமர் ஹாப்கின்.

இவர் 1860-ஆம் ஆண்டு, அந்நாளில் ருஷ்யப் பேரரசைச் சேர்ந்திருந்த ஒடெஸ்ஸா நகரில், யூதக் குடியில் தோன்றினார். மெச்னிகாவ் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். மதம் மாறினாலன்றி அங்கே உயர் பதவி கிட்டாது என்றிருந்தும் அவர் மாற உடன்படவில்லை. பின்னர் பாரிஸ் சென்று, பாஸ்டர் நிலையத்தில் நூலக உதவியாளராய் அமர்ந்தார். ஓய்வு நேரமெல்லாம் ஆய்விற் கழிந்தது.

காலராக் கிருமிகளை 39 பாகை வெப்பத்தில், காற்றூட்டி வளர்த்து அவற்றின் கொடுமையைத் தணித்தார். முதலில் தணிந்த கிருமியையும், சில நாள் கழித்து வலிய கிருமியையும் உடலிற் செலுத்துவது அவர் முறை. உயிருள்ள கிருமியைப் பிறர் உடலில் ஏற்றுமுன், 1892 ஜூலை 18-ஆம் நாள் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார்.

1893-இல் இந்தியா வந்தார். கல்கத்தாச் சேரிகளிலும் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களிலும் அலைந்து, பல்லாயிரம் பேருக்கு ஊசி குத்தினார். 1896-இல் பம்பாயில் பிளேக் மூண்டது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் ஓர் அறையில், ஒரு குமாஸ்தாவையும் மூன்று சேவகரையும் துணையாகக் கொண்டு, மூன்றே மாதத்தில் மருந்து சமைத்தார். இம்முறை வெப்பத்தாற் கொன்ற கிருமியே மருந்தாயிற்று. 1897 ஜனவரி 10-ஆம் நாள் அதனையும் தாமே முதலில் ஏற்றார்.

அத்தகையவருக்கும் பழி வந்தது. 1902-இல் பஞ்சாபின் முல்கோவால் சிற்றூரில், ஒரே குப்பியிலிருந்து ஊசி பெற்ற 19 பேர் வில்வாத ஜன்னியால் மாண்டனர். பிழை ஆய்வுக்கூடத்தது என்று கருதி, அவரைப் பதவியினின்று விலக்கினர். குப்பியைத் திறக்கையில் இடுக்கி தரையில் விழுந்ததும், அது செவ்வையாய்த் தூய்மை செய்யப்படாததும் பின்னரே உணரப்பட்டன. ரொனால்ட் ராஸ் முதலிய அறிஞர் வழக்காடியதன் பயனாய் 1907-இல் பழி நீங்கிற்று.

தம்மை வெறுத்தொதுக்கிய நாட்டிற்கு மீளவேண்டிய கட்டாயம் அவருக்கில்லை. ஆயினும் மீண்டார். கல்கத்தாவில் பணிபுரிந்து ஓய்வுபெற்றார். பம்பாய் பரேலில் உள்ள ஆய்வு நிலையத்திற்கு 1925-இல் அவர் பெயரிடப்பட்டது. 1930-இல் ஸ்விட்ஸர்லாந்தின் லோஸான் நகரில் மறைந்தார்.

நம் குழந்தைகளுக்குப் புகட்டும் போலியோ சொட்டு மருந்தும் வலுக்குறைத்த கிருமியே. அதனை அச்சமின்றிப் புகட்டுகிறோம் எனில், முதல் அச்சத்தைத் தம் உடலில் தாங்கிய சான்றோர் பலர் நமக்கு முன் வாழ்ந்தனர் என்பதே காரணம். அவருள் ஹாப்கின் பழியையும் தாங்கினார். மருந்தினும் அரிது அம்மனவலிமை.