சதுரங்கப்பட்டினத்துல ஒரு வி.ஓ.சி., தூத்துக்குடியில ஒரு வ.உ.சி.: கொழும்பு மார்க்கெட்டுக்குள் நுழைந்த சுதேசிக் கப்பல் கம்பெனி எங்கே ஜெயித்தது, எங்கே சறுக்கியது?

அணுபுரத்துல இருந்து கடற்கரைப் பக்கம் கொஞ்ச தூரம் போனா சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை. அதைக் கட்டிய டச்சு கிழக்கிந்திய கம்பெனியின் சுருக்கப் பெயர் என்ன தெரியுமா? வி.ஓ.சி! 1602-ல் தொடங்கிய அந்தக் கம்பெனி, இந்தக் கரையில் துணியை வாங்கி, இந்தோனேசியத் தீவுகளில் கொடுத்து மசாலாப் பொருட்களை வாங்கியது. 1658-ல் தூத்துக்குடியையும் போர்த்துகீசியர்களிடமிருந்து பறித்தது.

அதே தூத்துக்குடியில் சுமார் 250 வருஷம் கழித்து இன்னொரு வ.உ.சி. எதிர்த்திசையில் கிளம்பினார். சுதந்திரப் போராட்ட வீரர், செக்கிழுத்த செம்மல் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். ஆனா ஒரு கம்பெனி நடத்தியவரா அவரைப் பார்த்திருக்கோமா?

வக்கீல் எப்படி கப்பல் முதலாளி ஆனார்?

1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர் சிதம்பரம் பிள்ளை. அப்பா உலகநாத பிள்ளையும் வக்கீல்தான். 1900-ல் தூத்துக்குடிக்கு வந்து தொழில் பார்த்தபோது, துறைமுகத்தில் தினமும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. தூத்துக்குடி - கொழும்பு ரூட் முழுக்க பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி கையில். கட்டணம், சரக்குக் கூலி எல்லாம் அவங்க வைத்ததுதான்.

ஏன் கொழும்பு? இலங்கை அப்போது தனி காலனி, தனி நிர்வாகம். ஆனால் ஒரே இரவுப் பயணம். வியாபாரிகளும் தோட்டத் தொழிலாளர்களும் போய்வந்துகொண்டே இருந்தார்கள். அதாவது, வாடிக்கையாளரைப் புதுசா உருவாக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே வரிசையில் நிக்கிறாங்க. வெளிநாட்டு மார்க்கெட்டுக்கு முதல் அடி வைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

1906 அக்டோபர் 16-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய்: 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 8,000 பங்குகள், அதாவது 2 லட்ச ரூபாய்க்கு வாங்கினார். ஆசியர்களுக்கு மட்டுமே பங்கு என்பது விதி. பெரிய கம்பெனி பணத்தைக் காட்டி உள்ளே நுழைந்துவிடக் கூடாதே!

முதல் அடி

தொடக்கத்தில் சொந்தக் கப்பல் இல்லை. ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். செலவு கம்மி, ரிஸ்க் கம்மி. ஆனா பிரிட்டிஷ் கம்பெனி நெருக்கடி கொடுத்ததும் வாடகைக் கப்பல் திரும்பப் போய்விட்டது. வ.உ.சி. கொழும்புக்கே போய் வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்து சமாளித்தார்.

அங்கே பாடம் புரிந்தது. பம்பாய்க்குப் போனார், கப்பலோடுதான் திரும்புவேன் என்று உறுதி எடுத்துக்கொண்டு. 1907-ல் எஸ்.எஸ். காலியா வந்தது. பிரான்ஸிலிருந்து எஸ்.எஸ். லாவோவும் வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றிலும் சாதாரண வகுப்பில் 1,300 பேர் போகலாம், 4,000 மூட்டை சரக்கு ஏற்றலாம்.

இலவச டிக்கெட், கூடவே குடை!

பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை 1 ரூபாயாக இறக்கியது. சுதேசிக் கம்பெனி 8 அணாவுக்கு இறக்கியது. அடுத்து அவங்க எடுத்த முடிவுதான் உச்சம்: டிக்கெட்டே இலவசம், ஏறினால் ஒரு குடையும் இலவசம்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. 8 அணா வீதம் 1,300 பேர் நிறைந்தாலும் ஒரு நடைக்கு 650 ரூபாய்தான். நிலக்கரி, மாலுமி சம்பளம், துறைமுகக் கட்டணம் எல்லாம் கப்பல் காலியாகப் போனாலும் ஆகும். எதிராளிக்கு இந்தியப் பெருங்கடல் முழுக்க ரூட்டுகள். இங்கே இழந்ததை அங்கே எடுத்துக்கொள்ளலாம். சுதேசிக் கம்பெனிக்கு இருந்தது கொழும்பு ரூட் ஒன்றுதான். இன்றைக்கு இதற்கு 'பிரிடேட்டரி பிரைசிங்' என்று பெயர். மார்க்கெட்டில் ஆதிக்கம் செலுத்தும் நிறுவனம் இப்படிச் செய்வதை 2002 போட்டிச் சட்டம் தடுக்கிறது. அன்று கேட்க ஆளில்லை, அரசாங்கமே அந்தப் பக்கம்.

ஆனாலும் மக்கள் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள். வ.உ.சி.யை விலைக்கு வாங்கவும் முயன்றார்கள், அவர் மசியவில்லை. இங்கே ஒரு சிக்கலைச் சொல்லியாகணும். டிக்கெட்டை விற்றது அவருடைய அரசியல், கம்பெனிக்கு ஆபத்தைக் கொண்டுவந்ததும் அதே அரசியல்தான். கம்பெனியின் முகமும் மூளையும் ஒரே ஆள்.

கேப்டன் இல்லாத கப்பல்

1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். மார்ச் 12-ல் கைது. ஜூலையில் தீர்ப்பு: 20 வருஷம், இன்னொரு 20 வருஷம், மொத்தம் இரட்டை ஆயுள். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோவை சிறையில் மாட்டுக்குப் பதில் அவர் இழுத்த செக்கு இன்று சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது.

அவர் உள்ளே இருக்கும்போதே, 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா கப்பல் எதிராளிகள் கைக்கே போனது. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது வக்கீல் உரிமமும் இல்லை. சென்னையில் மளிகைக் கடை வைத்துக்கூடப் பார்த்தார். பிறகு வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி உதவியால் உரிமம் திரும்பக் கிடைத்து, கோவில்பட்டியில் தொழில் செய்தார்.

1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் பிரிந்தது. தூத்துக்குடி துறைமுகத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது 2011-ல்.