அர்ச். சவேரியாரும் அவர் கோபமும்



தலையான பாவங்கள் ஏழு என்று ஞானோபதேசத்தில் படித்தோம். அவற்றுள் கோபத்தை மட்டும் நாம் அறிக்கையிடுகிற விதமே அலாதி. பொய்யையும் களவையும் சொல்லும்போது குரல் தாழ்கிறது. கோபத்தைச் சொல்லும்போதோ கூடவே ஒரு வழக்கையும் எடுத்து வைக்கிறோம். அவன் இன்னது செய்தான், ஆகையால் நான் கோபித்தேன் என்கிறோம். பாவி ஒருவன் இருக்கிறான் என்பது நிச்சயம். ஆனால் அது நாமல்ல என்பது போலப் பேசுகிறோம்.

காரணமில்லாத கோபம் பெரும்பாலும் பொழுது விடிவதற்குள் தணிந்துபோகும். நியாயமான காரணமுள்ள கோபந்தான் நெடுநாள் நிற்கும். தகப்பனார் கண்மூடிய பிறகு வீட்டைப் பங்கு வைத்தார்கள். நடுச்சுவர் ஒரு முழம் தள்ளிப்போயிற்று. தம்பி மகள் கலியாணத்துக்கு அண்ணன் போகவில்லை. அண்ணன் வீட்டுத் துக்கத்துக்கு வந்த தம்பி வாசலோடு திரும்பிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை இருவரும் பூசைக்கு வருகிறார்கள். ஒருவர் இந்தத் தூணோரம், மற்றவர் அந்தத் தூணோரம். தம்பி நற்கருணை வாங்கப் போகிறதைக் கண்டால் அண்ணனுடைய மனம் கொதிக்கிறது. இவனுக்கும் ஆண்டவர் இரங்குவாரா என்று கேட்கிறது. எந்தப் பங்கிலும் இப்படி இரண்டு குடும்பமாவது இருக்கும். அண்ணனுடைய கணக்குச் சரியாகவே இருக்கலாம். ஆனால் சர்வேசுரனுடைய இரக்கத்துக்கு எல்லை போட அவர் எழுந்துவிட்டார் என்பது அவருக்கே தெரியவில்லை. தீர்க்கதரிசியாகிய யோனாஸ் நினிவே பட்டணத்துக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, அது அழியவில்லையே என்று கோபித்தாரல்லவா? ஆண்டவர் கொடியவர் என்று அவர் கோபிக்கவில்லை, இரக்கமுள்ளவராய் இருக்கிறாரே என்றுதான் கோபித்தார்.

இதைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு ஞாபகம் வருகிறவர், நம் முத்துக்குளித்துறையில் வெறுங்காலோடு நடந்த அர்ச். பிராஞ்சீஸ்கு சவேரியார். அவர் சாந்தமே உருவானவர், கோபம் என்றால் என்னவென்றே அறியாதவர் என்று நீங்கள் நினைத்தால் அது சரியல்ல. அவருக்குக் கோபம் உண்டு, சுருக்கென்று வரும் கோபமே உண்டு. அதை அவர் என்ன செய்தார் என்பதே விஷயம்.

அவர் 1506-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி நவார் நாட்டில் சவேரியார் கோட்டையில் பிறந்தார். குழந்தைக்கு ஆறு வயதாகும்போது காஸ்தீல் நாட்டுச் சேனை நவாரைப் பிடித்துக்கொண்டது. 1515-ல் தகப்பனார் இறந்தார். அடுத்த வருஷமே வெற்றி கொண்டவர்கள் அந்தக் கோட்டையின் மதில்களையும் கோபுரங்களையும் இடித்துப்போட்டார்கள். பத்து வயதுப் பையன் தன் வீடு இடிபடுகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றான். 1521-ல் அவருடைய தமையன்மார் இருவர் நவாரை மீட்கவந்த சேனையோடு சேர்ந்து போர் செய்தார்கள். அதே வருஷம் பாம்பலூனா கோட்டையை எதிர்ப்பக்கத்தில் நின்று காத்த வீரர்களில் ஒருவர் பீரங்கிக் குண்டால் கால் முறிந்து விழுந்தார். அவர்தான் பின்னாளில் அர்ச். இஞ்ஞாசியார்.

எட்டு வருஷம் கழித்து, 1529-ல், பாரீஸ் நகரத்து அர்ச். பார்பரா கல்லூரியில் சவேரியார் தங்கியிருந்த அறைக்கே அந்த நொண்டிக்கால் மனிதர் மாணவராக வந்து சேர்ந்தார். வயது முப்பத்தெட்டு. சவேரியாருக்கோ இருபத்துமூன்று. சவேரியார் அவரோடு லேசில் ஒட்டவில்லை. நெடுநாள் விலகியே இருந்தார். உலக மேன்மையில் இருந்த ஆசை அதற்கு ஒரு காரணம் என்று சரித்திரக்காரர் சொல்லுகிறார்கள். இடிந்த கோட்டையும் ஒரு காரணமாய் இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். நம் வீட்டை இடித்தவர்களோடு நின்றவனை நாம் ஒரே அறையில் வைத்துக்கொண்டு சிரித்துப் பேசுவோமா? ஆயினும் 1534 ஆகஸ்டு 15-ந் தேதி, மோக்ஷாரோபண மாதா திருநாளன்று, மோன்மார்த்ர் குன்றில் இஞ்ஞாசியாரோடு சேர்ந்து வார்த்தைப்பாடு கொடுத்த எழுவரில் சவேரியார் ஒருவர். பின்னாளில் இந்தியாவிலிருந்து அவருக்குக் கடிதம் எழுதியபோது முழங்காலில் இருந்து எழுதினார்.

1541-ல் லிஸ்பன் துறையில் கப்பலேறி, 1542 மே 6-ந் தேதி கோவாவில் இறங்கி, அவ்வருஷ முடிவுக்குள் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். அங்கே பரவர்கள் ஏழெட்டு வருஷத்துக்கு முன்னே திரளாக ஞானஸ்நானம் பெற்றிருந்தும், வேதம் படிப்பிக்க ஆளில்லாமல் கிடந்தார்கள். சவேரியார் தமிழ் தெரிந்தவர்களைக் கூட்டிவைத்துப் பரலோக மந்திரத்தையும் பிரியதத்த மந்திரத்தையும் விசுவாச மந்திரத்தையும் தமிழில் எழுதுவித்து, மனப்பாடம் செய்து, மணி அடித்துப் பிள்ளைகளைச் சேர்த்தார். இதெல்லாம் நீங்கள் சிறுவயது முதல் கேட்டதுதான்.

அவருடைய கோபம் தெரிகிறது 1544-ம் வருஷத்துக் கடிதங்களில். அவரோடு லிஸ்பனிலிருந்து கப்பலேறி வந்தவர் பிராஞ்சீஸ்கு மான்சிலாஸ் என்ற போர்ச்சுகல் தேசத்தார். கல்வி மட்டு, நல்ல மனசு, ஆனால் பொறுமை குறைவு. சவேரியார் மணப்பாட்டிலும் ஆலந்தலையிலும் வீரபாண்டியன்பட்டணத்திலும் நடந்துகொண்டே, புன்னைக்காயல் பக்கத்தில் இருந்த இவருக்குச் சீட்டு மேல் சீட்டாக எழுதி அனுப்பினார். கட்டுமரக்காரர் கையில் கொடுத்தனுப்பிய அவசரச் சீட்டுகள். பிரசங்கம்போல அலங்கரித்து எழுதினவையல்ல. ஆகையால் மனிதர் உள்ளபடி அவற்றில் தெரிகிறார்.

சாராயம் குடிக்கிற பெண்களைக் காவலில் வைக்கும்படி கண்டிப்பாக உத்தரவு செய்கிறவர் அவரே. போர்ச்சுக்கீசியர் கிறிஸ்தவர்களை வதைப்பதைப் பார்த்து, வாழ்வே கசந்து, இந்தக் கரையை விட்டு அபிசீனியாவுக்குப் போய்விடலாமா என்று மனம் வெதும்பி எழுதுகிறவரும் அவரே. ஆனால் மான்சிலாஸ் ஜனங்கள் மேல் சலித்துக் கோபிக்கும்போது அவருக்கு எழுதும் புத்தி வேறு. கெட்ட பிள்ளைகளைப் பெற்ற நல்ல தகப்பன் நடந்துகொள்ளுகிறபடி நடந்துகொள்ளும்படி சொல்லுகிறார். எத்தனை அக்கிரமத்தைக் கண்டாலும் சோர்ந்துபோக வேண்டாம், சர்வேசுரனுக்கு விரோதமாக இவர்கள் இவ்வளவு செய்தும், அழிக்க வல்லவராகிய அவர் இவர்களை அழிக்காமல் காக்கிறாரே, அதை யோசித்துப் பாரும் என்கிறார். கோபத்துக்கு இதைவிடத் தகுந்த மருந்தை நான் எங்கும் வாசித்ததில்லை. ஜனங்கள் நல்லவர்கள் என்று சவேரியார் சொல்லவில்லை. குற்றத்தைச் சிறிதாக்கவுமில்லை. ஆண்டவர் இன்னும் கையை ஓங்கவில்லையே, நீர் ஏன் ஓங்குகிறீர் என்பதே அவர் கேள்வி.

புத்தி சொல்லுவது எவருக்கும் எளிது. அதே வருஷம் சொன்னவருக்கே சோதனை வந்தது. தூத்துக்குடியில் போர்ச்சுக்கீசியக் கப்பித்தானாக இருந்தவன் கோஸ்மே தே பாய்வா. உள்நாட்டு அரசர்களுக்குக் குதிரை விற்றுப் பணம் சேர்ப்பதே அவனுக்குக் கவலை. பரவர்களைக் காக்க வேண்டியவன் அவர்களையே சுரண்டினான். சவேரியார் பலமுறை கண்டித்தார். அவன் பகையானான். செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் உள்நாட்டிலிருந்து படை வந்து தூத்துக்குடியைத் தாக்கியது. கப்பித்தானுடைய கப்பலும் வீடும் எரிந்தன. அவன் உயிர் தப்பிக் கடலிலுள்ள தீவுகளுக்கு ஓடினான். தூத்துக்குடிக் கிறிஸ்தவர்களும் அங்கே ஓடிப்போய், நிழலும் நீரும் இல்லாமல் தவித்தார்கள்.

செய்தி ஆலந்தலையில் இருந்த சவேரியாருக்கு எட்டியது. நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? ஆண்டவர் கணக்குத் தீர்த்தார் என்று சொல்லியிருப்போம். அப்படிச் சொல்ல அவருக்கு நம்மைவிட அதிக நியாயம் இருந்தது. செப்டம்பர் 5-ந் தேதி அவர் மான்சிலாசுக்கு அவசரமாக எழுதினார்: புன்னைக்காயல், கொம்புத்துறைத் தோணிகளைத் திரட்டி, தண்ணீரும் சாப்பாடும் ஏற்றிக்கொண்டு, கப்பித்தானுக்கும் தீவிலுள்ள ஜனங்களுக்கும் உதவ உடனே போகவேண்டும். தாமே போயிருப்பார், ஆனால் கப்பித்தான் தம் முகத்தைப் பார்க்க விரும்பமாட்டான் என்றும் அறிந்திருந்தார். ஆகவே அவன் மனம் சுளிக்காதபடி இன்னொருவர் கையால் தண்ணீர் போகும்படி செய்தார். உதவி செய்கிறபோதும் நம் முகத்தை அவன் பார்த்து வெட்கப்பட வேண்டும் என்று நமக்கு ஓர் ஆசை இருக்கிறதே, அந்த ஆசையும் அவரிடம் இல்லை.

இரக்கம் வந்தவுடன் அவர் குற்றத்தை மறந்துவிட்டார் என்று எண்ணாதிருங்கள். டிசம்பர் 18-ந் தேதி கொச்சியிலிருந்து எழுதும்போது, அந்தக் கரையில் பாய்வா செய்த கொள்ளைகளையும், அவன் பேராசையால் தூத்துக்குடியில் நேர்ந்த தீமைகளையும் சாவுகளையும் ஒளிக்காமல் சொல்லி, அவன் தன் மனசாட்சியின் பாரத்தை இறக்கிவைக்கும்படி உதவவேண்டும் என்று மான்சிலாசையே கேட்டுக்கொண்டார். கொள்ளையைக் கொள்ளை என்றே பெயர் சொல்லிச் சொன்னார். அந்தக் கொள்ளைக்காரன் மோட்சம் சேர வேண்டும் என்றும் விரும்பினார். கோபத்தில் இருக்கிறவனுக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் கண்ணில் படும்.

அவ்வருஷ முடிவில் இன்னொரு பெருந்துயரம் வந்தது. மன்னாரில் புதிதாக வேதத்தில் சேர்ந்தவர்கள் அறுநூறு பேர் வரை யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியின் கட்டளையால் கொல்லப்பட்டார்கள். சவேரியார் கோவாவின் கவர்னரைப் பார்க்கப் போனார். அரசனைத் தண்டித்து வேறொருவரை வைக்கவேண்டும் என்பது அவர் எண்ணமும்தான். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கவர்னர் கொதித்தெழுந்ததைக் கண்டு, அந்தக் கோபத்தை மூட்டுவதற்குப் பதிலாகத் தணிக்கவேண்டியதாயிற்று என்று அவரே எழுதியிருக்கிறார். கொலையுண்டவர்களின் மன்றாட்டினால் அந்த அரசனும் ஒருநாள் தன் பாவத்தை உணர்ந்து இரக்கத்தைக் கேட்பான் என்றும் நம்பினார். 1545-ல் நாகப்பட்டினத்தில் கப்பற்படைக்காகக் காத்திருந்தார். படையெடுப்பு நடக்கவேயில்லை. பெகுவிலிருந்து வந்த போர்ச்சுக்கீசியக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தட்டி, அதன் சரக்கெல்லாம் அரசன் கைக்குப் போயிருந்தது. அதைத் திரும்பப் பெறும் கவலை பெரிதாகிவிட்டது. அறுநூறு உயிரைவிடச் சரக்கு பெரிது! சவேரியார் மயிலாப்பூருக்குப் போய், அர்ச். தோமையார் கல்லறையருகே நான்கு மாதம் ஜெபத்தில் தங்கினார். அங்கிருந்து மலாக்காவுக்குக் கப்பலேறினார்.

அதே மலாக்காவில் 1552-ல் கடைசிச் சோதனை. சீன தேசத்துக்குப் போக எல்லாம் ஆயத்தமாய் இருந்தபோது, கப்பித்தான் ஆல்வரோ தே அத்தாயிதே கப்பலின் சுக்கானைப் பறித்துக்கொண்டு தடுத்தான். இம்முறை சவேரியார், பாப்பரசருடைய பிரதிநிதியாகத் தமக்குள்ள அதிகாரத்தை முதன்முறையாக வெளிப்படுத்தி, திருச்சபைக்குப் புறம்பாக்கும் தண்டனையைக் கூறச்செய்தார். அர்ச்சியசிஷ்டவர்களின் இரக்கம் என்றால் எவரையும் ஒன்றும் சொல்லாதிருப்பது என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவ்வருஷம் டிசம்பர் 3-ந் தேதி, சீனக் கரைக்கு எதிரேயுள்ள சான்சியான் தீவில், ஓலைக்குடிசையில், அவர் உயிர் பிரிந்தது. வயது நாற்பத்தாறு.

மான்சிலாஸ் என்ன ஆனார்? கீழ்த்திசைத் தீவுகளுக்கு வரும்படி சவேரியார் அழைத்தபோது அவர் கீழ்ப்படியவில்லை. 1548-ல் சவேரியார் அவரைச் சேசுசபையிலிருந்து விலக்கினார். அத்தனை வருஷம் வெயிலிலும் மணலிலும் கூட உழைத்தவர். மனம் புண்படக் காரணம் இருந்தது. அவர் கொச்சியில் குருவாகவே தங்கியிருந்தார். சவேரியார் இறந்தபின், அவருடைய புண்ணியங்களை விசாரிக்க 1557-ல் கொச்சியில் சாட்சிகளை அழைத்தபோது, மான்சிலாசும் போய்ச் சவேரியாருக்காகச் சாட்சி சொன்னார். கரையிலிருந்து தமக்கு வந்த சீட்டுகளையும் அவர் எறிந்துவிடவில்லை. கெட்ட பிள்ளைகளின் தகப்பனைப் பற்றியும், தீவிலிருந்த கப்பித்தானுக்குப் போகவேண்டிய தண்ணீரைப் பற்றியும் நாம் இன்று அறிந்திருக்கிறது அந்தச் சீட்டுகளால்தான்.