பாசியைப் படித்த பேராசிரியர்



போன மழையில் மொட்டைமாடிப் பாசியில் வழுக்கி விழுந்தேன். கால் வீங்கிப் படுத்திருந்தபோது, பாசி என்றால் என்னவென்று படித்தேன். பி.காம். படித்து வங்கியில் பேரேடு எழுதியவனுக்கு அதுவரை அது வெறும் அழுக்குதான்.

இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படும் எம்.ஓ.பார்த்தசாரதி அய்யங்கார் 1886-இல் சென்னையில் பிறந்தவர். கல்லூரியில் தாவரவியல் கற்பித்துக்கொண்டே குளம், குட்டைகளில் பாசி சேகரித்தார். நாற்பது வயதைக் கடந்தபின் லண்டனில் பேராசிரியர் ஃபிரிட்ச்சிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். 1932-இல் ஈரமண்ணில் வளரும் புதிய பாசி ஒன்றை விவரித்து, ஆசிரியரைச் சிறப்பித்து ஃபிரிட்சியெல்லா என்று பெயரிட்டார். அதன் ஒரு பகுதி மண்ணுக்குள், ஒரு பகுதி மேலே. நீர்ப்பாசி தரைச்செடியாக மாறிய வழியை ஊகிக்க அது உதவியது.

தென்னிந்திய வால்வாக்ஸ் பாசிகளையும் அவர் ஆராய்ந்தார். நூற்றுக்கணக்கான செல்கள் சேர்ந்து வாழும் பச்சை உருண்டை அது. நம் அடுக்ககம் போலத்தான். அதில் சில செல்கள் மட்டும் பெருத்து, ஒவ்வொன்றும் பலமுறை பிரிந்து, உள்ளேயே குட்டி உருண்டையாகிறது. குட்டிகள் வெளியேறும்போது தாய் உருண்டை கிழிந்து அழிகிறது. பிள்ளைகளை வெளியூர் அனுப்பிவிட்டு இருக்கும் நமக்கு இது புரியும்.

அய்யங்கார் 1963-இல் காலமானார். படியிலுள்ள பாசியைத் தேய்த்துத்தான் ஆகவேண்டும். ஆனால் நம் திண்டுக்கல் குளங்களில் குப்பைப் பையை வீசுமுன், அவர் அங்கே என்ன தேடியிருப்பார் என்று ஒரு நிமிடம் யோசிப்போம்.