மலையைக் கணக்கில் எழுதியவர்

இடவிளக்கப்படத்தை விரித்தவுடன் முதலில் கண்ணிற்படுபவை கபில நிறக் கோடுகள்தாம். சமவுயரக் கோடு என்றால் கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களைத் தொடுக்கும் கோடு என்று நாம் எல்லோரும் மனனம் செய்து வைத்திருக்கிறோம். ஆனால் இப்படியொரு கோடு ஒருவருக்கு ஏன் தேவைப்பட்டது? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் சார்ள்ஸ் ஹட்டன் என்ற கணித மேதையின் வாழ்க்கையை நான் அறிந்தேன். நமது மலையகத்து ஹட்டன் நகருக்கும் இவருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஹட்டன் 1737ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் திகதி இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள நியூகாசில் நகரில் பிறந்தார். தந்தை நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். அவர் காலமானபோது ஹட்டன் சிறு குழந்தை. அக்குடும்பத்துப் பையன்களின் வழி பள்ளிக்கூடத்தை நோக்கியதன்று, சுரங்கத்தை நோக்கியது. ஆனால் ஏறக்குறைய ஏழு வயதில், பிள்ளைகளுக்கிடையே ஏற்பட்ட சண்டையொன்றில் அவருடைய வலது முழங்கை விலகியது. அது சரியாகக் குணமாகவில்லை. கைப்பலம் குறைந்த பிள்ளை எழுத்தையாவது கற்றுக்கொள்ளட்டும் என்று பள்ளிக்கு அனுப்பினார்கள். பின்னர் இளைஞனாகச் சுரங்கத்தில் இறங்கி நிலக்கரி வெட்டிப் பார்த்தார்; அந்தக் கை அதற்கு இடங்கொடுக்கவில்லை. ஊனம் என்று ஊரார் எண்ணிய ஒன்று அவரை நிலத்தின் அடியிலிருந்து மேலே கொண்டுவந்தது.

பதினெட்டு வயதளவில் அருகிலிருந்த கிராமமொன்றில் ஆசிரியரானார். பகலில் கற்பித்தார், மாலையில் நியூகாசிலுக்குச் சென்று தாமே கணிதம் பயின்றார். 1760இல் அந்நகரிலேயே சொந்தமாகப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். எண்கணிதத்துக்கும் அளவையியலுக்கும் நூல்கள் எழுதினார். நியூகாசில் நகரை அளந்து அதன் வரைபடத்தையும் வெளியிட்டார். 1773இல் வூலிச்சில் இருந்த அரச இராணுவக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் பதவி வெற்றிடமானபோது, பலர் போட்டியிட்ட பரீட்சையில் தேறி அப்பதவியைப் பெற்றார். சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கு இது சாமானியமான உயர்வல்ல.

இக்காலத்தில்தான் ஸ்கொட்லாந்தில் ஒரு விசித்திரமான ஆய்வு நடந்தது. நியூட்டனின் ஈர்ப்பு விதிப்படி ஒவ்வொரு பொருளும் மற்றொன்றை ஈர்க்கிறது. அப்படியானால் ஒரு பெரிய மலை, பக்கத்தில் தொங்கும் தூக்குக்குண்டையும் தன் பக்கம் இழுக்க வேண்டும். மேசன்மார் சுவர் நேரா என்று பார்க்கப் பிடிக்கும் அதே குண்டுதான். மலை எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்தால், மலையையும் பூமியையும் ஒப்பிட்டுப் பூமியின் அடர்த்தியைக் கண்டுபிடிக்கலாம். 1774இல் அரச வானியலாளர் நெவில் மஸ்கெலின், ஷிஹாலியன் என்னும் மலையின் வடக்கிலும் தெற்கிலும் தங்கி நட்சத்திரங்களை அவதானித்தார். இரு பக்கமும் சேர்த்துக் குண்டு விலகியது 11.6 விகலை மட்டுமே. ஒரு பாகையை 3600 கூறாக்கினால் ஒரு கூறுதான் ஒரு விகலை.

நமது அல் பிரூனி இங்கே நினைவுக்கு வருகிறார். பதினோராம் நூற்றாண்டில், இன்றைய பாகிஸ்தானில் உள்ள நந்தனா என்ற இடத்தில், ஒரு மலையின் உயரத்தையும் அதன் உச்சியிலிருந்து அடிவானம் தாழ்ந்து தெரியும் கோணத்தையும் அளந்து பூமியின் ஆரையைக் கணித்தார் அவர். ஏறக்குறைய ஏழரை நூற்றாண்டுகளுக்குப் பின்னர், இன்னொரு மலையைக் கொண்டு பூமியின் அடர்த்தியை அறிய முயன்றார்கள்.

அவதானம் முடிந்தது, கணக்குத்தான் மலைபோல நின்றது. மலை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று சொல்ல அதன் முழு வடிவமும் தெரிந்திருக்க வேண்டும். அளவையாளர்கள் மலையிலும் சுற்றுப்புறத்திலும் ஏராளமான இடங்களின் உயரங்களை அளந்து குவித்திருந்தார்கள். அந்தக் குவியல் ஹட்டனிடம் வந்து சேர்ந்தது. அவர் நிலத்தை வளையங்களாகவும் துண்டுகளாகவும் பிரித்து, நூற்றுக்கணக்கான நிலைக்குத்துத் தூண்களாக மலையைக் கற்பனை செய்தார். ஒவ்வொரு தூணின் உயரமும் வேண்டும். ஆனால் அளந்த புள்ளிகளோ அத்தூண்கள் நிற்கும் இடங்களில் விழவில்லை. ஓரிடத்தில் நெருக்கமாகவும் இன்னோரிடத்தில் ஒன்றுமே இல்லாமலும் சிதறிக் கிடந்தன.

அப்போது அவர் ஒரு பென்சிலை எடுத்து, ஒரே உயரமுள்ள புள்ளிகளை மெல்லிய கோடுகளால் தொடுத்தார். மலையின் வடிவம் தாளில் எழுந்து வந்தது. அளக்கப்படாத இடம் எந்த இரு கோடுகளுக்கு நடுவே இருக்கிறது என்று பார்த்து அதன் உயரத்தைச் சொல்ல முடிந்தது. நீரின் ஆழத்தைக் காட்ட ஒல்லாந்தர் இத்தகைய கோடுகளை முன்னரே வரைந்திருந்தார்கள். மலையொன்றின் வடிவத்தைக் கணிக்க இவ்வழியைக் கையாண்ட முன்னோடிகளில் ஹட்டன் ஒருவர்.

அவருடைய கணிப்பு 1778இல் வெளியானது. பூமியின் சராசரி அடர்த்தி நீரைப்போல ஏறக்குறைய 4.5 மடங்கு என்றார். இன்று நாம் படிப்பது 5.5 மடங்கு. எனினும் பூமி உள்ளே வெறுமையானதன்று, மேற்பரப்புப் பாறைகளைவிடப் பாரமானவை ஆழத்தில் உள்ளன என்பது அன்றே தெளிவாயிற்று.

இந்த வாழ்க்கையில் என்னை வருத்தியது அடுத்துச் சொல்லப்போவதே. மலையில் அவதானித்ததற்காக மஸ்கெலினுக்கு 1775இல் கொப்லி பதக்கம் கிடைத்தது. ஹட்டனுக்கும் 1778இல் அதே பதக்கம் கிடைத்தது. ஆனால் அது வெடிமருந்து, பீரங்கிக் குண்டு பற்றிய ஆய்வுக்காக. மலைக் கணக்குக்குப் பதக்கம் இல்லை. 1783இன் இறுதியில், அவர் இலண்டனில் வசிக்கவில்லை என்ற காரணம் காட்டி, றோயல் சங்கத்தின் வெளிநாட்டுச் செயலாளர் பதவியிலிருந்தும் அவரை விலகச் செய்தார்கள். ஆனாலும் அந்தக் கணக்கை அவர் கைவிடவில்லை. எண்பது வயதைக் கடந்த பின்னும், 1821இல், பூமியின் அடர்த்தி பற்றி மீண்டும் எழுதினார். எகிப்தியப் பிரமிட் ஒன்றைக் கொண்டு அதே பரிசோதனையைச் செய்து பார்க்கலாம் என்று யோசனை கூறினார். 1823ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் திகதி காலமானார்.

தோழியரே, இன்னொரு செய்தியையும் அறிந்துகொள்ளுங்கள். 1704 முதல் இங்கிலாந்தில் பெண்களுக்கென ஆண்டு மலரொன்று வெளிவந்தது. அதில் கணிதப் புதிர்கள் இடம்பெறும். வாசகர்கள் விடை எழுதி அனுப்புவார்கள். மறு ஆண்டு அவை அச்சாகும். விடை எழுதியவர்களில் பெண்களும் இருந்தார்கள். ஏறக்குறைய நாற்பத்தைந்து ஆண்டுகள் அம்மலரின் ஆசிரியராக இருந்தவர் இதே ஹட்டன்தான். கணிதம் நமக்கு எட்டாதது என்று சொல்வோர் இதைக் கேட்க வேண்டும்.

அவர் வரைந்த வழியை அறிந்த பின் எனக்கு இடவிளக்கப்படம் வேறாகத் தெரிகிறது. கோடுகள் நெருங்கினால் ஏற்றம் செங்குத்து. விலகினால் சாய்வு மென்மையானது. கோடுகள் உயரமான பக்கத்தை நோக்கி வளைந்து கூர்ந்தால் அது பள்ளத்தாக்கு. அங்கே அருவியொன்று ஓடக்கூடும். தாழ்ந்த பக்கத்தை நோக்கிக் கூர்ந்தால் மலையின் ஒரு கரம் நீண்டு இறங்குகிறது. 1:50,000 படத்தில் ஒரு சென்ரிமீற்றர் நிலத்தில் 500 மீற்றர். அந்தச் சிறிய தூரத்துக்குள் எத்தனை கோடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன என்று எண்ணினாலே, அவ்வழியே சுமையோடு ஏறுபவரின் மூச்சு நமக்குப் புரியும். பெருமழையில் எந்தச் சரிவின்கீழ் உள்ள வீட்டுக்கு அதிக கவனம் வேண்டும் என்பதும் ஓரளவு புரியும்.

வரைவிலக்கணத்தை மனனம் செய்வதோடு நின்றுவிடாதீர்கள். உயரங்கள் குறித்த வெறும் தாளொன்றை எடுத்து, ஒரே உயரமுள்ள புள்ளிகளை நீங்களே பென்சிலால் தொடுத்துப் பாருங்கள். மலை உங்கள் கையிலேயே உருவாகும்.